நாடி கிடைக்காதவன்

இது நடந்தது. கேள்விப்பட்டதல்ல, யாரோ யாரிடமோ சொன்னதல்ல. எனக்கு நடந்தது. இன்று நான் மருத்துவராக வேலை பார்க்கிறேன். ஒருவர் இறந்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் உரிமை எனக்கு உண்டு. அப்படிப்பட்டவள் பேய்க் கதை சொல்கிறாள் என்று தெரிந்தால் கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஊர்ப் பெயரையும் மருத்துவமனைப் பெயரையும் மட்டும் கேட்காதீர்கள். அந்த அறை இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதில் இன்னும் பிள்ளைகள் போய்ப் படுக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றதும் நள்ளிரவு என்று நினைப்பீர்கள். இது நடந்தது பகலில். மதியம் பன்னிரண்டரை மணிக்கு. ஆனால் இருட்டில்தான். நார்வேயின் வடக்குக் கோடியில் டிசம்பர் மாதம் எங்களுக்குச் சூரியன் கிடையாது. நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகும். ஜனவரி பாதியில்தான் மறுபடி தலைகாட்டும். நடுவில் மதிய நேரத்தில் வானம் லேசாக நீலம் பூக்கும். அவ்வளவுதான் எங்கள் பகல்.

நான் அப்போது மருத்துவம் மூன்றாம் ஆண்டு. களைத்திருந்தேன். வேலை செய்து வருகிற களைப்பு தூங்கினால் போய்விடும். என்னுடையது அப்படியில்லை. நான் எழுந்தால் கூடவே எழுந்து, கூடவே பல் தேய்த்து, கூடவே பேருந்தில் ஏறுகிற களைப்பு. மீன் எண்ணெய் குடித்துப் பார்த்தேன். வெயிலுக்குப் பதிலாக முகத்துக்கு நேரே பெரிய வெள்ளை விளக்கை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தும் பார்த்தேன். கண் கூசியதுதான் மிச்சம்.

எங்களுக்கு 'மாணவர்களின் மன நலம்' என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். காலை எட்டு மணிக்கு. முந்தைய நாள் ராத்திரிப் பணி முடித்து வந்தவர்களும் வர வேண்டும் என்று கண்டிப்பு. நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லிக் கொடுத்த அம்மாளே இரண்டு தடவை கொட்டாவி விட்டார். அப்புறம் ஆய்வு செய்கிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள். கடவுள் நம்பிக்கை உண்டா, மனம் நிம்மதியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டுக்கும் 'ஓரளவு' என்று சொல்லி அனுப்பினேன். பொய்தான். இரண்டும் என்னை விட்டுப் போய் வெகு நாளாகியிருந்தது.

யாரிடமாவது போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கே போய்? ஊரில் இருப்பது ஒரே மருத்துவமனை. அதன் மனநலப் பிரிவு எங்கள் வகுப்பறைக்கு மேல் மாடி. அங்கே நோயாளியாகப் போய் உட்கார்ந்தால் எதிரே உட்காருவது நம் ஆசிரியர். பக்கத்தில் நின்று குறிப்பெடுப்பது நம் வகுப்புக்காரன். அதனால் நாங்கள் எல்லாரும் நலமாக இருந்தோம். நடைபாதையில் யாரைப் பார்த்தாலும் அதே பேச்சு. "எப்படி இருக்க?" "நல்லாருக்கேன்." "நீ?" "நல்லாருக்கேன்." நின்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

கீழ்த்தளத்தில், நடைபாதை முடிகிற இடத்தில் அமைதி அறை இருந்தது. எந்த மதத்துக்காரரும் வந்து உட்காரலாம். யாருடைய கடவுளும் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று உள்ளே எதையுமே வைக்கவில்லை. ஒரு நீளப் பலகை, அதன் மேல் மெத்தை. தரையில் கம்பளம். நடுவில் இரும்புக் கம்பிகளால் செய்த ஒரு பெரிய உருண்டை, அதில் வரிசையாகச் சின்ன மெழுகுவத்திகள். தீப்பிடிக்கும் என்று பயந்து நிஜ மெழுகுவத்தியை எடுத்துவிட்டு மின்கலத்தில் எரிகிறதை வைத்திருந்தார்கள். காலணியை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நாங்கள் அங்கே போவது ஜெபிக்க அல்ல, தூங்க. இதில் ஒரே தொல்லை மருத்துவமனையின் போதகர் மார்கிட். அறுபது வயதுக்காரர், தங்கமானவர், வியாழக்கிழமை தவறாமல் மாணவர்களுக்கு வாஃபிள் சுட்டுப் பழுப்புச் சீஸ் வைத்துத் தருவார். ஆனால் அமைதி அறையில் யாரையும் தூங்க விட மாட்டார். தோளைப் பிடித்து உலுக்கி, "உன் பேரென்ன, சொல்லு" என்பார். சொல்லும்வரை விட மாட்டார். அவர் சாப்பிடப் போகிற நேரம் பன்னிரண்டரை. அதனால் நான் பன்னிரண்டரைக்குப் போவேன்.

அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் போனேன். வாசலில் வேறு காலணி எதுவும் இல்லை. நல்லதாகப் போயிற்று என்று என்னுடையதைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். கதவைச் சாத்தியதும் நடைபாதைச் சத்தம் அப்படியே நின்றுவிடும். காற்றோட்டக் குழாயின் மெல்லிய இரைச்சல் மட்டும்... ஹ்ம்ம்ம்ம்... என்று.

எவ்வளவு நேரம் போனதோ. காபி வாசனை அடித்தது. ஆறிப் போன காபி.

"குளிருது."

என் கால்மாட்டில் இருந்து ஒரு ஆண் குரல். நான் கண்ணைத் திறக்கவில்லை. கதவு திறந்த சத்தம் கேட்கவில்லையே என்று ஒரு நொடி தோன்றியது. அசந்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். எழுந்து உட்காரத் தெம்பில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது எங்கேயாவது ஒரு கஷ்டத்தைச் சொன்னால் வாய் தானாகக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடும். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். கண்ணை மூடியபடியே கேட்டேன்.

"எப்பலேர்ந்து?"

"வெள்ளிக்கிழமைலேர்ந்து."

"வலி ஏதாவது?"

"மொதல்ல தலை. இப்ப இல்ல."

"தூக்கம்?"

"தூங்கல. தூங்குறேன்னு எல்லாரும் நெனச்சாங்க."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்ல முடியல."

இதிலெல்லாம் எனக்கு ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். நம்மைப் போல இன்னொன்று என்று நினைத்தேன்.

"கையக் குடு" என்றேன்.

கை வந்தது. கண்ணைத் திறக்காமலே மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தேன். சில்லென்று இருந்தது. வெளியே பனியிலிருந்து வந்திருப்பான். கட்டைவிரல் பக்கம் அழுத்தினேன். இல்லை. கொஞ்சம் தள்ளி வைத்தேன். இல்லை. லேசாக விட்டுப் பார்த்தேன், பலமாக அழுத்திப் பார்த்தேன்.

நாடி இல்லை.

உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? அலறி எழுந்து ஓடியிருப்பீர்கள். எனக்கு வந்தது பயம் இல்லை, வெட்கம். பயிற்சி வகுப்பில் எங்கள் ஆசிரியர் என்னை நாடி பார்க்கச் சொல்லிவிட்டு, "செத்த மீனத் தூக்குற மாதிரி கையப் புடிக்காதம்மா" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். நாடி கிடைக்கவில்லை என்றால் கோளாறு என் விரலில்தான். மருத்துவம் படிக்கிற எவரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"கெடைக்கலையா?" என்றான் அவன்.

"உனக்கு ஒண்ணுமில்ல. நான்தான் இதுல மோசம்."

"பரவால்ல. நாளைக்குப் பாரு."

கைப்பேசியில் வைத்திருந்த மணி அடித்தது. கண்ணைத் திறந்தேன். யாரும் இல்லை. வாசலில் என் காலணி மட்டும் கிடந்தது.

மறுநாள் காலை சமையலறையில் ஐவினின் கையைப் பிடித்தேன். ஐவின் என் வகுப்புத் தோழன். மாணவர் குடியிருப்பில் எனக்கு அடுத்த அறை. தீவில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பையன், வாயைத் திறந்தால் நக்கல். அவன் நாடி விரல் வைத்ததும் கிடைத்தது. படகு எஞ்சின் மாதிரி டுக் டுக் டுக் என்று.

"என்ன யோருன், காலங்காத்தால கையப் புடிக்கிற? கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"சும்மா இருடா. எண்ணிட்டு இருக்கேன்."

"எண்ணு எண்ணு. உன் மூஞ்சியப் பாத்தா காயப் போட்ட காட் மீன் தேவலைன்னு இருக்கு. ராத்திரி தூங்கினியா?"

"நல்லாருக்கேன்."

அப்படியானால் என் விரல் சரிதான். அமைதி அறையில் கை கொடுத்தவனுக்கு மணிக்கட்டு தடிமனாக இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

செவ்வாய், பன்னிரண்டரை. படுத்தேன். காபி வாசனை. கேட்காமலே கை வந்தது. இந்தத் தடவை பொறுமையாகத் தேடினேன். மெல்ல... எங்கேயோ ஆழத்தில்... நூல் அசைகிற மாதிரி ஒன்று. நின்றது. மறுபடி அசைந்தது.

"கெடச்சிருச்சு!" என்றேன்.

"ம்."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பல மாதமாக எதிலும் வராத சந்தோஷம். ஒரு வேலையாவது எனக்கு வருகிறது என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்போது என் நிலை அதுதான்.

அன்று மாடிப்படி ஏறுகையில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். காபிக் கோப்பையைக் கையில் வைத்திருந்தேன், சூடே தெரியவில்லை. ரொட்டித் துண்டு அட்டை மாதிரி இருந்தது. களைப்பு, வேறென்ன என்று நினைத்தேன்.

புதன்கிழமை அவன் கை குளிரவில்லை. நாடி துள்ளியது. எண்ணிப் பார்த்தேன், எழுபத்திரண்டு. பாடப் புத்தகத்து நாடி. முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். நாங்கள் போடுகிற அதே வெள்ளை உடை. கழுத்தில் மட்டும் பித்தான் இருந்தது. எங்கள் உடையில் பித்தான் கிடையாது. கால் உறையில் குதிகாலில் ஒரு ஓட்டை. கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது.

"நல்லா தேறிட்ட" என்றான். என் விரலைச் சொன்னானா, எதைச் சொன்னான் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குக் குளிர ஆரம்பித்திருந்தது.

அன்று மதியம் பயிற்சி வகுப்பு. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ஐவின் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தான். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தான். காற்றை இறக்கினான். முகம் சுளித்தான். மறுபடி அடித்தான்.

"ஒண்ணும் கேக்கலையே."

ஆசிரியர் வந்தார். "எடத்த மாத்தி வைப்பா. மீன் புடிக்கிறவனுக்குக் காது மந்தம்னு கேள்விப்பட்டதில்லையே."

வகுப்பு சிரித்தது. ஐவின் இடம் மாற்றினான். கேட்கவில்லை. ஆசிரியரே ஸ்டெதாஸ்கோப்பை வாங்கி வைத்துப் பார்த்தார். ஒரு நிமிடம் முழுக்கக் கேட்டார். பிறகு அந்த ஸ்டெதாஸ்கோப்பைத் தட்டிப் பார்த்து, "இது பழசு, குழாய் வெடிச்சிருக்கும்" என்றார். விரலில் மாட்டுகிற கருவியை எடுத்து மாட்டினார். திரையில் இரண்டு கோடு மட்டும் வந்தது. எண் வரவில்லை.

"டிசம்பர்ல எல்லார் வெரலும் இப்படித்தான். கைய நல்லாத் தேச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

முப்பது வருஷம் இதயத்தைக் கேட்டவர் அவர். அவருக்கும் கருவியில்தான் கோளாறு.

வெளியே வந்ததும் ஐவின் என்னை நிறுத்தினான். முகத்தில் நக்கல் இல்லை.

"யோருன், என் காது நல்லாத்தான் இருக்கு."

"அதுக்கு?"

"எப்படி இருக்க நீ? நெசமா கேக்குறேன்."

"நல்லாருக்கேன்டா. பஸ் போயிரும், வா."

அன்று இரவு படுக்கையில் என் மணிக்கட்டை நானே பிடித்துப் பார்த்தேன். அசையாமல் வெகு நேரம் வைத்திருந்தேன். பிறகு கையைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டேன். என் விரலைப் பற்றித்தான் எனக்குத் தெரியுமே.

வியாழக்கிழமை அமைதி அறைக்குப் போகக் கூடாது என்று காலையில் நினைத்தேன். ஏன் நினைத்தேன் என்று தெரியாது. பன்னிரண்டரைக்கு என் கால் தானாக அங்கே போனது.

காலணியைக் கழற்றினேன். உள்ளே போனேன். மெழுகுவத்திகளில் பாதி அணைந்திருந்தது.

படுத்தேன்.

குழாயின் இரைச்சல் கேட்கவில்லை.

அவன் இந்தத் தடவை கால்மாட்டில் இல்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. முந்தைய மூன்று நாளும் அவன் மூச்சுவிட்டு நான் கேட்டதில்லை. அது அப்போதுதான் உறைத்தது.

"கையக் குடு" என்றான்.

என் கையை நான் கொடுக்கவில்லை. அவன் எடுத்துக்கொண்டான். சூடான விரல்கள். மூன்று விரல்.

"எப்பலேர்ந்து?"

நான் கேட்ட அதே தொனி. வாயைத் திறந்தேன். நாக்கு அசையவில்லை.

"வலி ஏதாவது?"

கையை இழுத்தேன். இழுத்ததாக நினைத்தேன். கை அப்படியே கிடந்தது. காலும் அப்படியே. கண் மட்டும் திறந்திருந்தது. மேலே கூரையில் மெழுகுவத்தி வெளிச்சம் ஆடியது. ஒன்றொன்றாக அணைந்தது.

"தூக்கம்?"

தூக்கம் வந்தது. நிஜமாகவே வந்தது. அதுதான் பயங்கரம். எத்தனை மாதமாகக் காத்திருந்த தூக்கம்... காலிலிருந்து மேலே ஏறியது. முழங்கால். இடுப்பு. மார்பு. போய்விடலாம் என்று இருந்தது. யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தது.

அப்போது கதவு திறந்தது.

நடைபாதை வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஐவின். கம்பளி உறைக் காலோடு நிற்கிறான். என்னைப் பார்த்தான். தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவனையும் பார்த்தான். நன்றாகப் பார்த்தான்.

"மன்னிச்சுக்கங்க" என்று கிசுகிசுத்தான்.

கதவை மெதுவாகச் சாத்திவிட்டான்.

எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். அமைதி அறையில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் உள்ளே வர மாட்டார்கள். உள்ளே வருவது மரியாதை இல்லை.

இருட்டு.

"யார்கிட்டயாவது சொன்னியா?" என்றான் அவன்.

கதவு சாத்தியிருந்தும் வாசலில் ஐவின் காலணி போடுகிற சத்தம் கேட்டது. ஒரு கால். நாடாவை இழுக்கிறான்.

கூப்பிட வேண்டும். என்னவென்று கூப்பிடுவது?

இன்னொரு கால்.

நாடா.

எழுந்துவிட்டான்.

நடக்கிறான்...

ஒரு அடி...

என் வாழ்க்கையில் அதுவரை யாரிடமும் சொல்லாததை, அம்மாவிடம்கூடச் சொல்லாததை, எங்கிருந்தோ இழுத்து...

"நான் நல்லா இல்ல."

சத்தம் வந்ததா இல்லையா, எனக்கே தெரியவில்லை.

கதவு படாரென்று திறந்தது.

அதற்குப் பிறகு துண்டு துண்டாகத்தான் ஞாபகம். ஐவின் என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடைபாதையில் ஓடினான். வெளிச்சம். கத்தரிக்கோலால் என் சட்டையை வெட்டினார்கள். அவசரப் பிரிவில் முப்பத்தேழு இருக்க வேண்டிய என் உடல் வெப்பம் முப்பது டிகிரிக்கும் கீழே இருந்ததாம். எங்கே பனியில் விழுந்தாள், எவ்வளவு நேரம் கிடந்தாள் என்று ஐவினைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். கட்டடத்துக்குள்தான் இருந்தாள் என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. சூடான காற்று ஊதுகிற போர்வையைப் போட்டுச் சாயங்காலம்வரை வைத்திருந்தார்கள். விரலில் மாட்டிய கருவியில் எண் வந்தபோது ஐவின் அழுதான் என்று செவிலியர் சொன்னார். அவன் இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை.

இரவு அவன் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கேட்டேன்.

"அவனப் பாத்தியா?"

"பாத்தேன். உன் கையப் புடிச்சு நாடி பாத்துட்டு இருந்தான். டாக்டர்னு நெனச்சேன். நல்ல ஆரோக்கியமா இருந்தான்டி. நீதான் வெளுத்துக் கெடந்த."

"அப்புறம் எதுக்குத் திரும்பி வந்த?"

"கூப்பிட்டீங்களே."

"கூப்பிட்டீங்களா?"

ஐவின் தன் கையைத் தானே தேய்த்துக்கொண்டான்.

"ரெண்டு பேரும் சேந்துதான் கூப்பிட்டீங்க. 'நான் நல்லா இல்ல'ன்னு. ரெண்டு குரல். அவன் குரல்தான் பெருசா கேட்டுச்சு. உள்ள வந்தா நீ மட்டும்தான் இருந்த."

மறுநாள் மேல் மாடியிலிருந்து மனநல மருத்துவர் வந்தார். எங்களுக்கு வகுப்பு எடுத்த அதே அம்மாள்தான். கூடவே குறிப்பெடுக்க ஒரு மாணவன், என் வகுப்புக்காரன்தான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நல்லா இல்லை என்றேன். உலகம் இடிந்து விழவில்லை. அவன் குனிந்து எழுதிக்கொண்டான். அரை வருஷம் படிப்பை நிறுத்தினேன். மாத்திரை சாப்பிட்டேன், தூங்கினேன், வாராவாரம் பேசினேன். அதெல்லாம் வேறு கதை.

நான் திரும்பிப் படிக்க வந்தபோது கோடை. ராத்திரியிலும் வெயில் அடிக்கிற காலம். நேரே போதகர் மார்கிட்டின் அறைக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். சிரிப்பார், அல்லது ஜெபம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சட்டையில பித்தான் இருந்துச்சா?" என்றார்.

"கழுத்துல."

"கால் உறையில ஓட்டை."

"நான் அதச் சொல்லவே இல்லையே."

அவர் தலையாட்டினார். "நான் இந்த வேலைக்கு வந்த மொதல் வருஷம்" என்று ஆரம்பித்தார். ஒரு மாணவன். பெயரைச் சொல்லவில்லை. டிசம்பர், வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில் அமைதி அறையில் போய்ப் படுத்திருக்கிறான். திங்கட்கிழமை காலை கூட்ட வந்தவர்தான் பார்த்தார். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. கை கால் அசையாது, பேச்சும் வராது. நடுவில் எத்தனையோ பேர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மருத்துவர்கள், செவிலியர்கள், மாணவர்கள். பாவம், களைத்துப் போய்த் தூங்குகிறான் என்று யாரும் தொடவில்லை. ஒருவர் அவன் பக்கத்தில் ஒரு கோப்பை காபி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னொருவர் கண் கூசும் என்று விளக்கை அணைத்திருக்கிறார்.

"யாரோ போர்வை போத்தி விட்டிருந்தாங்க" என்றார் மார்கிட்.

"வெள்ளிக்கிழமையே போயிட்டானா?"

"அப்படித்தான் நாங்களும் நெனச்சோம். அறுத்துப் பாத்து சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம்."

ஜன்னலுக்கு வெளியே வெயில் அப்படியே நின்றது. அவரே மேலே சொன்னார்.

"போர்வை போத்தினது நான்தான். சனிக்கிழமை. கண்ணு தெறந்துதான் இருந்துச்சு, யோருன். என்னையேதான் பாத்துட்டு இருந்தான். ஜெபம் பண்றான்னு நெனச்சேன்."